சோனகர் என்ற பெயரும் சிக்கந்தர் என்ற பையனும்

போன வருஷம் முதலாம் தவணை தொடங்கி இரண்டாவது கிழமை. ஆறாம் தரத்து வரவு இடாப்பை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் தகப்பனார் வாசலில் வந்து நின்றார். கையில் பிறப்புச் சான்றிதழும், பெயர் மாற்றும் விண்ணப்பப் படிவமும்.

"சேர், மகன்ட பேர மாத்தப் போறன். இடாப்புலயும் மாத்தித் தரணும்."

"ஏன் காக்கா? நல்ல பேர்தானே."

"சிக்கந்தர் எண்டுறது முஸ்லிம் பேரே இல்லயாம். காபிருட பேராம். தெரிஞ்ச ஒராள் சொன்னாரு."

"ஆருட பேரு இது?"

அவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. "வாப்பாட பேரு சேர். சுனாமியில மௌத்தாப் போனாரு. மையித்துக் கிடைக்கல்ல. பேராவது வீட்டுல இரிக்கட்டும் எண்டுதான் மகனுக்கு வச்ச."

அன்று அவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் படித்தவன் நான். சொற்களின் வேர் தேடுவதில் ஆசை உள்ளவன். ஆனாலும் வாயில் வந்தது, "ரெண்டு கிழமை பொறுங்க காக்கா, பாத்துச் சொல்றன்" என்பது மட்டும்தான். படிவத்தை என்னிடமே தந்துவிட்டுப் போனார். அந்த இரண்டு கிழமை பல மாதங்களாக நீண்டது. தேடியதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிக்கந்தர் வந்த வழி

கேள்விப்பட்டது சரிதான். சிக்கந்தர் அரபுப் பெயரல்ல. அதன் வேர் கிரேக்கம். கிரேக்கத்தில் அது அலெக்ஸாந்த்ரோஸ். 'அலெக்ஸெய்ன்' என்றால் தடுத்துக் காத்தல். 'அந்த்ரோஸ்' என்பது மனிதனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்தால் 'மனிதரைக் காப்பவன்'. மகாஅலெக்சாண்டருக்கு முன்பிருந்தே கிரேக்கரிடம் இந்தப் பெயர் புழங்கியது. அவனுடைய படையெடுப்புக்குப் பிறகு அது ஊர் ஊராய்ப் பரவிற்று.

அரபு நாவுக்கு அந்தப் பெயர் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பெயரின் முதலில் இருக்கும் 'அல்' என்ற ஒலியை அரபியர் தம் மொழியின் 'அல்' என்ற முன்னொட்டாக எடுத்துக்கொண்டார்கள். அல் போக மிஞ்சியதில் 'க்ஸ' என்பது 'ஸ்க' என இடம் மாறிற்று. ஆகவே அல் இஸ்கந்தர். எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரம் இன்றுவரை அரபில் அல் இஸ்கந்தரிய்யாதான். பாரசீகத்தில் முதல் இகரமும் தேய்ந்து சிக்கந்தர் ஆனது. இந்த வழியில்தான் அது நம் பக்கம் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களில் கடைசியானவர் பெயர் அலாவுதீன் சிக்கந்தர் ஷா. கிழக்கே மலாக்காவை ஆண்ட தொடக்ககால அரசர் ஒருவர் மெகாட் இஸ்கந்தர் ஷா. முஸ்லிம் அரசர்கள் தயங்காமல் சூடிய பெயர் இது.

குர்ஆனில் சூரத்துல் கஹ்பில் வரும் துல்கர்னைன் யார் என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் இஸ்கந்தர்தான் என்றவர்களும் இருந்தார்கள். அல்ல என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அவ்விவாதம் காரணமாக இந்த இரண்டு பெயர்களும் மக்கள் மனதில் சேர்ந்தே நின்றன. முகலாயர் காலத்தில் ஓர் உதாரணம். அலெப்போவிலிருந்து வந்த ஆர்மேனிய வணிகர் ஒருவர் அக்பரின் அரசவையைச் சேர்ந்தார். அவர் பெயர் இஸ்கந்தர். மகனுக்கு வைத்த பெயர் துல்கர்னைன். மிர்சா துல்கர்னைன் என்று பின்னாளில் உயர் பதவி வகித்த அவர் கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர். கிறிஸ்தவர் துல்கர்னைன் என்று பெயர் சூட்டினார். முஸ்லிம்கள் சிக்கந்தர் என்று சூட்டினார்கள். பெயர்கள் நாம் கட்டும் வேலிக்குள் நிற்பதில்லை.

நாமே ஒரு கிரேக்கப் பெயருக்குள்

இதைவிடப் பெரிய சங்கதி அந்தத் தகப்பனார் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழிலேயே இருந்தது. இனம் என்ற கூட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது? 'இலங்கைச் சோனகர்'. உங்கள் சான்றிதழிலும் என் சான்றிதழிலும் அதுதான். அந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள்.

சின்னாசியாவின் மேற்குக் கரையில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த பகுதிக்கு அயோனியா என்று பெயர். கிழக்கே இருந்தவர்கள் முதலில் சந்தித்த கிரேக்கர் அவர்களே. எனவே பழைய பாரசீகத்தில் கிரேக்கர் அனைவரும் 'யௌன' ஆனார்கள். எபிரேயத்தில் 'யாவான்', அரபில் 'யூனான்', சமஸ்கிருதத்தில் 'யவன', பாளியில் 'யோன'. நம்மூர் வைத்தியர் செய்யும் யூனானி வைத்தியமும் இதே சொல்தான்; புக்ராத் என்று நாம் சொல்லும் ஹிப்பொக்கிரட்டீசும், ஜாலினூஸ் என்று சொல்லும் கேலனும் அதன் மூலவர்கள்.

தமிழில் அது யவனர். முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களைப் பற்றி அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்த யவனர் கிரேக்கரும் உரோமரும். பின்னர் மேற்குக் கடலிலிருந்து அரபியர் வரத் தொடங்கியபோது தமிழர் அவர்களுக்கென்று புதுப் பெயர் தேடவில்லை. கடல் வழியே மேற்கிலிருந்து வந்து வணிகம் செய்பவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதையே கொடுத்தார்கள். யோனகர் சோனகர் ஆனார். முல்லைப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் அங்கே வரும் யவனரைச் சோனகர் என்றே எழுதுகிறார். உரையாசிரியரின் காலத்தில் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. கேரளத்தில் ஜோனக மாப்பிள என்ற வழக்கும், யாழ்ப்பாணத்துச் சோனகதெருவும் அதே சொல்லின் கிளைகள். சோழர் காலக் கல்வெட்டொன்றில் 'சோனகன் சாவூர் பரஞ்சோதி' என்று ஒருவர் வருகிறார். சோனகன், ஆனால் பெயர் பரஞ்சோதி! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், ஒருவகை நெகிழ்வும் வரும்.

இலங்கையில் மகாவம்சம், பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தின் மேற்கு வாயிலருகே யோனருக்கு இடம் ஒதுக்கியதாகக் கூறுகிறது. அந்த யோனர் கிரேக்கரா, பாரசீகரா, அரபியரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. அதை வைத்து நம் வரலாற்றை அவ்வளவு தூரம் பின்னுக்கு இழுப்பது நேர்மையான வேலை ஆகாது என்பது என் எண்ணம். சொல்லின் வயதும் சமூகத்தின் வயதும் ஒன்றல்ல.

சரி, சோனகர் வேண்டாம், ஆங்கிலத்தில் உள்ள 'மூர்' என்பதை எடுத்துக்கொள்வோம் என்றால் அங்கேயும் தப்ப முடியாது. 1505இல் வந்த போர்த்துக்கேயர் ஸ்பெயினிலும் மொறோக்கோவிலும் தாம் கண்ட முஸ்லிம்களை அழைத்த 'மௌரோ' என்ற பெயரை இங்கேயும் ஒட்டினார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் தொடர்ந்தார்கள். அதன் பழைய வடிவம் இலத்தீனில் மௌருஸ், கிரேக்கத்தில் மௌரோஸ். வடமேற்கு ஆபிரிக்காவின் மௌரித்தானிய மக்களைக் குறித்தது. ஆக, தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் நம் இனப்பெயர் கிரேக்கரின் வாயில் ஒருமுறை புகுந்து வந்ததே.

இந்தப் பெயருக்காக நம்மவர்கள் வாதாடியும் இருக்கிறார்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை படித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். சட்டசபை ஆசனம் முதல் சமூகத்தின் தனித்துவம் வரை அந்த வாதத்தில் தங்கியிருந்தது. ஒரு பெயர் வெறும் ஒலியல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நபிமார் பெயர்கள்

'அரபுப் பெயர்தான் முஸ்லிம் பெயர்' என்ற பேச்சு இப்போது நம்மூர்களில் பரவலாக இருக்கிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை; என் வேலையல்ல. மொழி சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அரபு மதரசாவில் நஹ்வு படித்தவர்களைக் கேளுங்கள். இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப், யூசுப் ஆகிய பெயர்கள் தன்வீன் ஏற்காது என்பார்கள். ஏன்? அவை 'அஜமி', அதாவது அரபு அல்லாத பெயர்கள் என்பதே இலக்கணம் சொல்லும் காரணம். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் ஜவாலீகி, அரபில் கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். நபிமார் பெயர்களில் ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் ஆகிய நான்கு தவிர மற்றவை எல்லாம் அஜமி என்பது அவர் கருத்து.

இவற்றுள் இரண்டு பெயர்கள் நம் விஷயத்துக்கு நெருக்கமானவை. எபிரேயத்தில் எலியாஹு, கிரேக்கத்தில் எலியாஸ், அரபில் இல்யாஸ். எபிரேயத்தில் யோனா, கிரேக்கத்தில் யோனாஸ், அரபில் யூனுஸ். எபிரேயத்தில் இல்லாத அந்தக் கடைசி 'ஸ்' எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ஆண்பெயர்கள் ஏற்கும் விகுதி அது என்றும், கிறிஸ்தவர் வழக்கின் வழியே அரபுக்கு வந்தது என்றும் மொழியியலாளர் பலர் விளக்குகிறார்கள். கல்முனையில் யூனுஸ் இல்லாத வகுப்பு உண்டா? அந்தப் பையன்கள் எல்லோரும் தெரியாமலே ஒரு கிரேக்க விகுதியைச் சுமந்துதான் திரிகிறார்கள்.

குர்ஆனில் பிறமொழிச் சொல் உண்டா என்பதே பழைய விவாதம். நாம் பின்பற்றும் இமாம் ஷாபிஈ அவர்கள் இல்லை என்றார்கள். இமாம் ஸுயூத்தி பல சொற்களைப் பட்டியலிட்டார்கள். அபூஉபைத் அவர்கள் இடைவழி ஒன்றைக் காட்டினார்கள்: மூலத்தில் அவை பிறமொழிச் சொற்கள், ஆனால் அரபியர் நாவில் பழகி அரபாகிவிட்டபின் குர்ஆன் அரபிலேயே இறங்கிற்று. எனக்கு இந்த விடை மிகப் பிடிக்கும். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. இப்போது யாருடையது என்பது வேறு கேள்வி.

நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், உண்மை. மாறு செய்பவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என்று மாற்றிய செய்தி ஹதீஸில் உண்டு. அங்கே பார்க்கப்பட்டது பொருள். (பிர்அவ்னின் மனைவி ஆஸியா அம்மையாரின் பெயர் அரபில் வேறு எழுத்துக்களால் ஆனது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம். அந்தப் பெயர் உள்ள பிள்ளைகளின் உம்மாமார் பயப்படத் தேவையில்லை.) எகிப்திலிருந்து வந்த மாரியா அம்மையார் மாரியாவாகவே இருந்தார்கள், நபியவர்களின் மகன் இப்ராஹீமுக்குத் தாயானார்கள். மாரியா என்பது மர்யம் என்ற பெயரின் கிரேக்க வடிவம். அவர்களைக் குறிக்கும் 'கிப்திய்யா' என்ற அடைமொழியும், எகிப்தியரைக் கிரேக்கர் அழைத்த 'ஐகிப்தியோஸ்' என்பதன் திரிபே. உரோமரிடம் வளர்ந்த ஸுஹைப் அவர்கள் ஸுஹைப் அர்ரூமி என்றே வரலாற்றில் நின்றார்கள்.

பேதுருவும் அரண்மனைக்காரத் தெருவும்

கிரேக்கரோடு ஆர்மேனியரையும் சேர்த்துப் பார்க்கக் காரணம், அவர்கள் நம்மைப் போலவே கடல்வழி வணிகச் சமூகம். போன இடமெல்லாம் பெயரைச் சுமந்து போனவர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்து ஷா அப்பாஸ் அவர்களை இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். அங்கிருந்து சூரத், கல்கத்தா, சென்னை, பினாங்கு என்று பரவினார்கள்.

சென்னையில் 1726இல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக் கொடுத்தவர் ஆர்மேனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். அவர் பெயரைப் பிரித்தால் ஒரு சிறிய வரலாறே கிடைக்கும். கோஜா பாரசீகப் பட்டம். நம் குவாஜாதான் அது. பெத்ரூஸ் கிரேக்கத்தின் பெத்ரோஸ், பொருள் கல். உஸ்கான் ஆர்மேனியப் பெயர் வோஸ்கான். 'வோஸ்கி' என்றால் பொன். பட்டம் பாரசீகம், முதற்பெயர் கிரேக்கம், குடும்பப்பெயர் ஆர்மேனியம், வாழ்ந்து மறைந்த ஊர் சென்னை.

அவர் கட்டிய பாலத்துக்கு மர்மலாங் பாலம் என்று பெயர் வந்தது; மாம்பலத்தை ஐரோப்பியர் உச்சரித்த அழகு அது. பதிலுக்குத் தமிழரும் சும்மா இருக்கவில்லை. ஆர்மேனியன் தெருவை அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டார்கள்! அந்தச் சென்னையிலேயே 1794இல் அருட்தந்தை ஹாருத்யூன் ஷ்மாவோனியான் 'அஸ்தரார்' என்ற இதழை வெளியிட்டார். உலகிலேயே முதல் ஆர்மேனிய மொழி இதழ் அது. ஹாருத்யூன் என்றால் உயிர்த்தெழுதல். ஷ்மாவோன் என்பது சீமோன். 'யான்' என்ற விகுதி இன்னாரின் வழிவந்தவர் என்பதைக் காட்டும்.

ஆர்மேனியப் பெயர்களில் பாதி நமக்குத் தெரிந்தவையே. ஹாகோப் யஃகூப், ஹொவ்செப் யூசுப், மொவ்செஸ் மூஸா, சஹாக் இஸ்ஹாக், ஹொவ்ஹான்னஸ் யஹ்யா. அவர்களின் சொந்தப் பெயர் ஒன்று அஸ்த்வாத்ஸதூர்: இறைவன் தந்தவன். கிரேக்கத்தில் தெயோதோரோஸ், அதே பொருள். நம்மிடம் அதாஉல்லா, அதே பொருள். மூன்று மொழிக்காரரும் தொட்டில் பக்கத்தில் நின்று ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நம் கரையின் பெயர்கள்

இப்போது கல்முனைக்குத் திரும்புவோம். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும் நம் மூத்தவாப்பாமாரின் பெயர்களுக்குத் தனி வாசம் இருக்கும். உதுமாலெவ்வை, அகமதுலெவ்வை, இஸ்மாலெவ்வை, ஆதம்பாவா, மீராசாஹிபு, சின்னத்தம்பி, பாத்துமுத்து, ஆசியா உம்மா.

இவற்றைப் பிரித்துப் பாருங்கள். உதுமாலெவ்வையில் உத்மான் அரபு; லெவ்வை நம் மண்ணில் பழகிய பட்டம். ஆதம்பாவாவில் ஆதம் நபியின் பெயரும், தகப்பனைக் குறிக்கும் பாவாவும். மீராசாஹிபில் மீரா என்பது அமீரிலிருந்து பாரசீகம் வழி வந்த மீர்; நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாகப் பரவிய பெயர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் இன்றும் அவர்கள் பேரில் கொடியேறுகிறது. பாத்துமுத்துவில் பாத்திமா அரபு, முத்து தூய தமிழ். பெத்ரூஸ் உஸ்கானின் பெயரில் நாம் கண்ட அதே கலப்பு, அதே பயணம்.

இந்தப் பெயர்கள் இப்போது எங்கே? என் இடாப்பில் மாணவர் பெயர் நிரலில் ஒரு லெவ்வைகூட இல்லை. தகப்பன் பெயரில் சிலது உண்டு. அதற்கு மேல் முதலெழுத்துக்களில் ஒளிந்திருக்கின்றன. யூ.எல். என்றால் உதுமாலெவ்வை. ஐ.எல். என்றால் இஸ்மாலெவ்வை. ஏ.பீ. என்றால் ஆதம்பாவா. எம்.எஸ். என்றால் மீராசாஹிபு. "மனே, உன்ட எம்.எஸ். எண்டா என்ன?" என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வந்த பழக்கம் ஒரு காரணம். 'பட்டிக்காட்டுப் பெயர்' என்ற வெட்கம் இன்னொரு காரணம். உம்மாமார் பக்கம் இன்னும் மோசம். நம் குடிவழி தாய்வழியாக வருவது. ஆனால் மூத்தம்மாவின் பெயரைத் தாங்க ஒரு முதலெழுத்துக்கூட இல்லை.

2004 டிசம்பர் 26 நம் கரைக்கு என்ன செய்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அன்று மனிதரோடு பெட்டகங்களும் போயின. பிறப்புச் சான்றிதழ், கடுத்தம், காணி உறுதி எல்லாம் போயின. பெயர் தெரியாமல் அடக்கப்பட்ட மையித்துக்களும் உண்டு. மையித்தே கிடைக்காமல் பெயர் மட்டும் மிஞ்சியவர்களும் உண்டு. அந்தப் பெயர்களைத்தான் இன்று நாம் ஒரு படிவத்தில் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். வாசகர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே நான்கு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். ஆண்வழியை மட்டுமல்ல, மூத்தம்மாவின் உம்மாவின் பெயரையும் எழுதுங்கள். பழைய கடுத்தப் பதிவுகளிலும் பள்ளிவாசல் ஏடுகளிலும் உள்ள பெயர்களை ஊர்வாரியாகத் தொகுக்க இளைஞர்கள் முன்வந்தால் அது ஒரு நல்ல ஆய்வாகும். எந்தப் பெயரை வைப்பது என்பது பெற்றாரின் உரிமை. எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும் என்பதே என் கவலை.

அந்தத் தகப்பனாரைப் பிறகு சந்தைக்குள் வைத்துக் கண்டேன். சிக்கந்தர் என்பதன் பொருளைச் சொன்னேன். "மனிசரக் காப்பாத்துறவனா?" என்று திருப்பிக் கேட்டார். "ஓம் காக்கா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு வாப்பா பக்கத்து வூட்டுப் புள்ளகளத் தூக்கக் கடலுக்குள்ளதான் ஓடின."

படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. அவர் வந்து கேட்கவில்லை. இடாப்பில் பெயரையும் நான் மாற்றவில்லை.